பீகிளா, லாப்ரடாரா? முதலில் நடுப்பகலைக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை உள்ள வீட்டில் இருக்கிறோம். லிஃப்ட் உண்டு. நானும் கணவரும் காலை 8.45க்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை 6 மணிக்குத்தான் திரும்புவோம். மகளுக்கு 8 வயது. மாமியார் எங்களோடு இருக்கிறார். 67 வயது, முழங்கால் வலி உள்ளவர். பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார், ஆனால் வாரத்தில் மூன்று நாள் 10 மணிக்கு வெளியே போய் 3 மணிக்கு வருவார். நாய்க்காகக் காலையில் 45 நிமிடமும் மாலையில் ஒரு மணி நேரமும் ஒதுக்க முடியும். கணவருக்கு லாப்ரடார்தான் வேண்டும். வீடு சிறியது என்பதால் எனக்குப் பீகிள் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை உள்ள குடும்பம். இதுவரை நாய் வளர்த்ததில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் லாப்ரடார். ஆனால் உங்கள் கணவரின் மனதில் இருப்பது அநேகமாக எட்டு வாரக் குட்டி. நான் சொல்வது 2 முதல் 4 வயதுக்குள் இருக்கும், லீஷில் (கையில் பிடித்துக்கொள்ளும் நாய்க் கயிறு) நடக்கப் பழகிய ஒரு பெண் நாயை. அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: வேலை நாட்களில் நடுப்பகலில் அதைக் கீழே கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்காவிட்டால் இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

நீங்கள் வீட்டை அளந்திருக்கிறீர்கள். நாய் அதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கியே கழிக்கும். லாப்ரடாருக்கு ஒரு மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள படுக்கை போதும். பீகிளுக்கு அதில் ஏறக்குறைய பாதி. கூடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எந்த நாயும் அதற்குள்ளேயே ஓடியாடித் தன் நடைத் தேவையைத் தீர்த்துக்கொள்வதில்லை. அதற்கு வாசலைத் தாண்டி வெளியே போயாக வேண்டும். பெரிய தோட்டம் இருக்கும் வீட்டிலும் நாயைத் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் அது கதவருகே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உருவக் கணக்கைப் பாருங்கள். பெண் லாப்ரடார் 25 முதல் 32 கிலோ, தோள் உயரம் 55 முதல் 60 செ.மீ. பீகிள் 9 முதல் 14 கிலோவுக்குள், உயரம் 33 முதல் 40 செ.மீ. எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் தேவையும் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. நடைக்கு வந்தால் இரண்டுக்குமே நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். குரலுக்கு வந்தால் சிறியதுதான் பெரியது.

இரண்டும் எதற்காக உருவாக்கப்பட்டன என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். பீகிள் கூட்டமாகச் சேர்ந்து முயலின் மோப்பத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடுவதற்கான நாய். வேட்டைக்காரர் பின்னால் நடந்து வருவார்; நாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிய அது கத்திக்கொண்டே போக வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை நாயே முடிவு செய்யும்; மனிதனைத் திரும்பிப் பார்த்து நேரத்தை வீணாக்குகிற பீகிள் அந்த வேலைக்கு உதவாது. லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு இருந்தவை. பின்னர் இங்கிலாந்தில் அவற்றைச் சுடப்பட்ட பறவைகளை எடுத்துவரப் பழக்கினார்கள். அந்த வேலையில் நாய் சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், சொன்னதும் ஓட வேண்டும், பறவையைக் கடித்து நசுக்காமல் வாயில் பிடித்துக் கொண்டுவந்து கையில் தர வேண்டும். 1903இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

ஆக, ஒன்று தனியாக முடிவெடுத்துக் கத்துவதற்கு, இன்னொன்று மனிதர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதற்கு. முதல் முறை நாய் வளர்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

சுவருக்கு அந்தப் பக்கம்

பீகிளுக்கு மூன்று விதக் குரல் உண்டு. சாதாரணக் குரைப்பு. கழுத்தை நீட்டி, வாயைக் குவித்து எழுப்பும் ஊளை. இரண்டுக்கும் நடுவே, மோப்பம் கிடைத்ததும் தொண்டைக்குள்ளிருந்து விட்டு விட்டு வரும் நீண்ட முழக்கம். கடைசி இரண்டும் சுவர்களைத் தாண்டிப் போவதற்கென்றே அமைந்தவை. காட்டில் வெகுதூரம் கேட்க வேண்டிய குரல் உங்கள் படுக்கையறைச் சுவரில் நின்றுவிடாது. கூட்டத்தோடு வாழ்ந்த நாய் என்பதால் தனியாக விடப்பட்டால் அது முதலில் செய்வது, கூட்டம் எங்கே என்று ஊளையிட்டுக் கூப்பிடுவதுதான். குரைக்காதே என்று பழக்கலாம், கொஞ்சம் குறையும். தனிமையில் வரும் ஊளையை அதட்டி நிறுத்த முடியாது, ஏனென்றால் அப்போது அதட்ட நீங்கள் அங்கே இருப்பதில்லை.

லாப்ரடார் ஊமை என்று சொல்ல வரவில்லை. தனிமை தாங்காத லாப்ரடாரும் குரைக்கும். ஆனால் அதன் பதற்றம் குரலைவிட வாய் வழியாகவே அதிகம் வெளிப்படும்: செருப்பு, ரிமோட், மேஜைக் கால், சோபா முனை. உங்கள் பொருள் கெடுவதா, பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கம் கெடுவதா என்று கேட்டால் முதலாவதைச் சமாளிப்பது எளிது. பொருளை எடுத்து வைத்துவிடலாம்.

மூக்கு தெருவில் இறங்கும்போது

பீகிளைக் கூட்டிக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் பாருங்கள். இருபதடி தூரம் உங்கள் பக்கத்தில் நன்றாக வரும். திடீரென்று தலை கீழே போகும். காதுகள் இரண்டும் தரையைத் தொடும். வால் நிமிர்ந்து, வெள்ளை நுனி வேகமாக ஆடும். உயரமான புல்லுக்குள்ளும் நாயைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம் அது. இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். காது ஒருமுறை அசைந்தாலே அதிகம். மறுபடி கூப்பிட்டால் அதுவும் இருக்காது. பிடிவாதம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்த நேரத்தில் மூக்கு சொல்லும் செய்தியே அதற்குப் பெரிதாக இருக்கிறது, உங்கள் குரலுக்கு இடமில்லை. அறிவில்லாத நாய் அல்ல. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளில் ஒளிந்திருக்கும் பழம், இறைச்சி போன்றவற்றைக் கண்டுபிடிக்க பீகிள்களைப் பயன்படுத்துகிறார்கள்; 1984இல் இதைத் தொடங்கியது அந்நாட்டு வேளாண் துறை. உணவைப் பரிசாக வைத்துக் கற்றுக்கொடுத்தால் பிரமாதமாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் திறந்த வெளியில் லீஷைக் கழற்றிவிட்டு, கூப்பிட்டதும் திரும்பி வரும் என்று நம்பக் கூடாது. வாழ்நாள் முழுவதும் லீஷ், அல்லது சுற்றிலும் அடைத்த இடத்தில் ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டிய 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிறு. கழுத்துப் பட்டையில் நீளக் கயிறு மாட்டக் கூடாது. ஓடி வந்த வேகத்தில் கயிறு முடிந்து இழுபடும்போது முழு அதிர்ச்சியும் கழுத்தில்தான் விழும்.

உங்கள் மாலை ஒரு மணி நேரம் பீகிளுக்குப் போதுமா என்று கேட்டால், நேரம் போதும், ஆனால் அதை நின்று நின்று முகர விட வேண்டும். வேக நடை போட்டு நீங்கள் உங்கள் உடற்பயிற்சியையும் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் இருவருக்கும் சண்டைதான். லாப்ரடார் வேக நடைக்கும் வரும், பந்து எறிந்தாலும் எடுத்து வரும், தண்ணீரைக் கண்டால் இறங்கும்.

லாப்ரடாரின் பாரம்

இப்போது மறுபக்கம். 28 கிலோ நாய் எதிரே ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் முழங்கால் வலி உள்ள 67 வயதுக்காரரால் நிற்க முடியாது. கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவுவரை போகலாம். எனவே உங்கள் மாமியார் லாப்ரடாரை லீஷில் பிடித்து வெளியே கூட்டிப்போவது என்ற பேச்சே வேண்டாம், நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும். இந்த ஓர் இடத்தில் பீகிளுக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனால் அதுவும் முழு மதிப்பெண் அல்ல: 10 கிலோ பீகிள் மோப்பத்தைத் துரத்தி இடம் வலமாகத் தாவும்போது லீஷ் காலைச் சுற்றிக்கொள்ளும். வலுவில்லாத முழங்காலுக்கு அது போதும்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது. மாமியார் வெளியே போகும் மூன்று நாட்களைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருக்கிறீர்கள். அவர் வீட்டில் இருக்கும் இரண்டு நாட்களிலும் நாயைக் கீழே கொண்டுபோக ஆள் இல்லை. காலை நடை முடிந்து 7.45க்கு வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி சிறுநீர் கழிக்க மாலை 6 மணி ஆகும். பத்தேகால் மணி நேரம். வளர்ந்த நாய் அடக்கிக்கொள்ளும்தான். தினமும் அப்படி அடக்க வைப்பது சிறுநீர்ப்பைக்கு நல்லதல்ல, மனதுக்கும் நல்லதல்ல. பகல் தனிமைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு நான்கு மணி நேரம். ஆகவே ஐந்து நாளும் பகல் 12.30 முதல் 1 மணிக்குள் ஒருவர் வந்து 20 நிமிடம் கீழே கூட்டிப்போய்வர வேண்டும். கூலிக்கு நாயைக் கூட்டிப்போகிறவராக இருக்கலாம், அதே கட்டடத்தில் நாய் வளர்க்கும் ஒருவரோடு மாற்றுக்கு மாற்று ஏற்பாடாக இருக்கலாம், கணவரோ நீங்களோ மதியம் வந்து போவதாகவும் இருக்கலாம். நாய் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அந்த ஆள் உறுதியாகியிருக்க வேண்டும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதில்தான் பல நாய்கள் ஆறே மாதத்தில் வேறு வீடு தேட வேண்டி வருகிறது.

மாமியாரின் பங்கு வேறு. அவர் வீட்டில் இருப்பதே நாய்க்குத் துணை. தண்ணீர்க் கிண்ணம், பகல் நேரத்து மோப்ப விளையாட்டு இரண்டும் அவரால் உட்கார்ந்தபடியே முடியும். மூன்று அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, அதன் தினசரி உணவிலிருந்து எடுத்த சில துண்டுகளை ஒன்றின் அடியில் மட்டும் வைத்து, "தேடு" என்று சொல்லி விட்டால் பத்து நிமிடம் ஓடும். மூக்கால் பத்து நிமிடம் வேலை செய்த நாய் நன்றாகக் களைத்துப் படுக்கும்.

ஏன் குட்டி வேண்டாம்

எட்டு வாரக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்த 15 நிமிடத்துக்குள், விளையாட்டு முடிந்ததும் இறக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை. மூன்றாம் மாடி, லிஃப்ட் வரக் காத்திருக்க வேண்டும், லிஃப்டுக்குள்ளேயே முடிந்துவிடும். போதாததற்கு முதல் தடுப்பூசிகள் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போகும். அதற்கு முன் தெரியாத நாய்கள் நடமாடும் தரையில் விட்டால் குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் பயம். ஆனால் மனிதர்கள், சத்தங்கள், லிஃப்ட், வாகனங்கள் எல்லாவற்றையும் பயமில்லாமல் பழகும் வயது 3 முதல் 14 வாரம்வரைதான். ஆக, தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு தினமும் உலகத்தைக் காட்ட வேண்டிய பருவமும் அதேதான். வேலைக்குப் போகும் இருவர், முழங்கால் வலியுள்ள ஒருவர், எட்டு வயதுக் குழந்தை: இந்தக் கூட்டத்தில் அதை யார் செய்வது?

அது முடிந்தால் பதின்பருவம். லாப்ரடார் உடலால் ஒரு வயதில் வளர்ந்துவிடும், மனதால் இரண்டு மூன்று வயதுவரை குட்டிதான். 25 கிலோ எடையுள்ள குட்டி. மகளின் உயரத்துக்கு எம்பிக் குதிக்கும், வால் அடியில் மேஜை மேல் இருப்பது எல்லாம் தரைக்கு வரும், சாக்ஸை விழுங்கும். சாக்ஸ் விழுங்கிய லாப்ரடார் வாந்தி எடுத்துக்கொண்டே, சாப்பிடாமல், வயிற்றைத் தொட்டால் முறுக்கிக்கொண்டு நின்றால் குடல் அடைப்பு என்று எண்ணி அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்தப் பருவத்தை வேறொருவர் கடந்துவந்த நாயை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வளர்ந்த நாயைப் பார்க்கும்போது

ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு முறை, வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். இரண்டாம் முறை மகளும் மாமியாரும் வரட்டும். நீங்களே லீஷைப் பிடித்துப் பதினைந்து நிமிடம் நடந்து பாருங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் இழுத்து, ஐந்து நிமிடத்தில் தளர்ந்தால் சரி. பதினைந்து நிமிடமும் மூச்சுத் திணற இழுத்தால் அது உங்களுக்கான நாய் அல்ல, மார்புப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் மாட்டினால் கொஞ்சம் குறையும் என்றாலும்கூட. சாவிக்கொத்தை இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் போடுங்கள். திடுக்கிடலாம், அரை நிமிடத்தில் திரும்பி வந்து முகர்ந்து பார்க்கிறதா என்பதே கேள்வி. வாயில் பொம்மை இருக்கும்போது அதைவிட நல்ல தின்பண்டத்தைக் காட்டுங்கள். விட்டுவிட்டு வந்தால் நல்லது. உடம்பு விறைத்து, பொம்மை மேல் தலையைத் தாழ்த்தி, கண்ணின் வெள்ளை தெரிய உங்களைப் பார்த்தால் குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

இடுப்பைக் கவனிப்பதற்கு மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. படுத்திருக்கும் நாயை எழுப்புங்கள். முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்து எழுகிறதா? ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முயல்போலத் துள்ளுகிறதா? நடக்கும்போது பின்பக்கம் இடம் வலமாக ஆடுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே பார்த்த பிறகே பேச்சு. லாப்ரடாரில் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு, முழங்கால் தசைநார், கண் விழித்திரை ஆகியவை கவனிக்க வேண்டியவை. பீகிளில் வலிப்பு, முதுகுத்தண்டு வட்டு நழுவுதல், தைராய்டு குறைவு, தொங்கும் காதுக்குள் வரும் தொற்று.

சாக்லேட் நிற லாப்ரடார் அழகுதான். ஆனால் இங்கிலாந்தின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில் அந்த நிறத்தவற்றின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டு, மற்ற நிறங்களுக்கு 12.1 ஆண்டு. காது, தோல் தொல்லைகளும் அவற்றில் அதிகம் காணப்பட்டன. நிறத்துக்காக மட்டும் வளர்ப்பவர்கள் குறுகிய குடும்பத்துக்குள்ளேயே இணை சேர்ப்பது ஒரு காரணமாக இருக்கலாம். கறுப்போ வெளிர்மஞ்சளோ கிடைத்தால் நிறத்தை விட்டுவிடுங்கள்.

பசி என்ற நோய்

இரண்டு இனமும் சாப்பாட்டுப் பிரியம் உள்ளவை. லாப்ரடாரில் அது சில நேரம் மரபணுவிலேயே இருக்கிறது. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தது: ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாரில் பிஓஎம்சி என்ற மரபணுவின் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. சாப்பிட்டது போதும் என்ற செய்தி அந்த நாயின் மூளைக்குச் சரியாகப் போவதில்லை. அதே குழுவினரின் பிந்தைய ஆய்வில், ஓய்வில் இருக்கும்போது இவை சுமார் 25 சதவீதம் குறைவான சக்தியையே செலவிடுகின்றன என்றும் தெரியவந்தது. அதிகப் பசி, குறைந்த செலவு. அது உங்கள் காலடியில் படுத்து ஏக்கத்தோடு பார்ப்பது நடிப்பல்ல, உண்மையாகவே பசிக்கிறது. ஆனால் இரங்கிக் கொடுத்தால் மூட்டு தேய்வதும் உண்மை. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து இறுதிவரை பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், உடன்பிறந்ததைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை இடைநிலைக் கணக்கில் 1.8 ஆண்டு அதிகம் வாழ்ந்தன.

அளவை நீங்களே கணக்கிடலாம். நாயின் சரியான எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 28 × 28 × 28 = 21,952. அதற்கு வர்க்கமூலம், கிடைத்ததற்கு இன்னொரு வர்க்கமூலம்: 12.17. அதை 70ஆல் பெருக்கினால் 852. இது ஓய்வுக்கான கலோரி. கருத்தடை செய்த, தினமும் நடக்கும் நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்கினால் சுமார் 1,360. எடை ஏறும் குணம் உள்ள நாய்க்கு 1.4ஆல், அதாவது சுமார் 1,190. 10 கிலோ பீகிளுக்கு இதே கணக்கு 630 மற்றும் 550. உலர் உணவுப் பையின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று இருக்கும். 360 என்றால் 28 கிலோ லாப்ரடாருக்கு நாளைக்கு 330 முதல் 375 கிராம், இரண்டு வேளையாக. கோப்பையால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதையும் இந்த அளவிலிருந்தே கழிக்க வேண்டும். வீட்டில் நான்கு பேர். நால்வரும் தனித்தனியே "ஒண்ணே ஒண்ணு" கொடுத்தால் கணக்கு போய்விடும். காலையிலேயே அன்றைய தின்பண்டத்தை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். டப்பா காலி என்றால் யார் கேட்டாலும் காலிதான்.

சரியான எடையில் இருக்கிறதா என்பதற்கு உங்கள் கையே அளவுகோல். இடது கையை மேஜை மேல் தட்டையாக வைத்து, வலது கை விரல்களால் புறங்கையின் எலும்புகளை வருடுங்கள். நாயின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரி. கையைத் திருப்பி உள்ளங்கையை வருடினால் கிடைக்கும் மெத்தென்ற உணர்வு வந்தால் எடை கூடிவிட்டது. முஷ்டி மடக்கிய கணுக்கள்போலத் துருத்தினால் மெலிவு. மாதம் ஒருமுறை பாருங்கள்.

திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், சாக்லேட், சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் இவை நாய்க்கு விஷம், எட்டும் உயரத்தில் இருக்கவே கூடாது. லாப்ரடாரின் எட்டும் உயரம் சமையலறை மேடை. குப்பைத் தொட்டிக்கு மூடி, முடிந்தால் பூட்டு.

முடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வந்த மாதத்தில் கேட்பீர்கள். பீகிளுக்கு முடி உதிராது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம், இரண்டுக்கும் இரட்டை அடுக்கு ரோமம், இரண்டும் உதிர்க்கும். லாப்ரடார் உடம்பு பெரியது என்பதால் அளவும் பெரிது. மற்ற நாட்களில் வாரம் இருமுறை, உதிரும் பருவத்தில் தினமும் ஐந்து நிமிடம் சீவுங்கள். வெயில் என்று மொட்டையடிக்காதீர்கள். வெயில் நாளில் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அந்த நேரத்தில் நடை வேண்டாம்.

தனியாக இருக்கப் பழக்குவது

நாய் வந்த முதல் வாரம் யாராவது ஒருவர் விடுப்பு எடுங்கள். வந்த முதல் மூன்று நாள் விருந்தாளி யாரும் வேண்டாம். மகளுக்கு ஒரே விதி போதும், நாய் படுத்திருக்கும்போதும் சாப்பிடும்போதும் தொடக் கூடாது. லீஷை அவள் தனியாகப் பிடிக்கும் வயது இன்னும் வரவில்லை.

நான்காம் நாள் தொடங்குங்கள். செருப்பை மாட்டுங்கள், சாவியை எடுங்கள், மறுபடி உட்காருங்கள். பத்து முறை. சாவிச் சத்தம் என்றால் போகிறார்கள் என்ற இணைப்பு உடையட்டும். அடுத்து வெளியே போய்க் கதவைச் சாத்தி 5 விநாடியில் திரும்புங்கள். பிறகு 10, 30, மறுபடி 5, ஒரு நிமிடம், 20 விநாடி, இரண்டு நிமிடம். ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் கடினமாகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும், அதனால் இறக்கியும் வையுங்கள். பழைய கைபேசி ஒன்றைக் காமிராவாகக் கூடத்தில் வைத்துப் பாருங்கள். பொம்மையைக் கடித்துவிட்டுப் படுத்தால் சரி. கதவைச் சுரண்டுவது, எச்சில் வடிப்பது, வாய் பிளந்து மூச்சு வாங்குவது, முன்னும் பின்னும் நடப்பது இதில் ஏதாவது வந்தால் வேகமாகப் போய்விட்டீர்கள். கடைசியாக அமைதியாக இருந்த நேரத்துக்குத் திரும்புங்கள். கடினமானது முதல் அரை மணி நேரம்தான். 40 நிமிடத்தை அமைதியாகக் கடந்த பிறகு 15, 20 நிமிடமாகக் கூட்டலாம். இதற்கு வாரங்கள் ஆகும், அதுவரை மாமியார் வெளியே போகும் நாட்களில் அந்த ஐந்து மணி நேரத்துக்கு யாராவது வீட்டில் இருக்கும்படி மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். பழகிய பிறகு 12.30க்கு வருபவர் அதை இரண்டு துண்டாக்கிவிடுவார். தனியாக விடுவதற்கு முன்னால் காலை 45 நிமிடத்தில் கடைசி 15 நிமிடத்தை முகர்ந்து நடப்பதற்கு விடுங்கள், பிறகு காலை உணவில் ஒரு பகுதியை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறைய வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பீகிள் ஆசையை எப்போது தூசு தட்டலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர் பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் நிலை வர வேண்டும், பொதுச் சுவர் இல்லாத வீடாக இருக்க வேண்டும், அவிழ்த்துவிட அடைப்புள்ள இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். இவை மூன்றும் இருந்தால் பீகிள் அருமையான நாய், குழந்தைகளோடு சளைக்காமல் விளையாடும், மருந்தின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, உணவின் அளவு ஏறக்குறைய பாதி, தூக்கிக் காரில் வைக்க ஒரு ஆள் போதும்.

கணவர் கேட்ட இனம் என்பதால் அவர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காலை 45 நிமிடம் என்பது 7.45க்குத் தொடங்கினால் 8.45க்குக் கிளம்ப முடியாது. 7 மணிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், மழை நாளிலும். நாயைப் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு வாரம் தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து 45 நிமிடம் வெறுங்கையோடு நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். மதியத்துக்கான ஆளையும் அந்த இரண்டு வாரத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள்.